எந்தப் பக்கத்து என்ஜின்

“ரெண்டு என்ஜின்ல எது நின்னிருக்கும், இடதா வலதா?”

மாடிப்படியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த சீட்டக்கா திடீரென்று இப்படிக் கேட்டபோது நான் விழித்தேன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்த எனக்கு, விமானத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது மேலே பறக்கும் என்பதுதான். “தெரியலக்கா” என்றேன்.

“யாருக்கும்தான் தெரியல” என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “படிச்சு முடிச்சிட்டுச் சும்மாதானே இருக்க. சொல்றேன், எழுதித் தர்றியா? நாலு பேர் படிக்கணும்.”

அவள் சொன்ன வரிசையிலேயே எழுதினால் யாருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது. அழவைக்கும் இடத்தை முதலில் சொன்னாள். முதலில் நடந்ததைப் பாத்திரம் கழுவும்போது சொன்னாள். நான் முன்னே பின்னே மாற்றி அடுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் இந்தக் கதையில் எனக்கு வேலை இல்லை.

சீட்டக்கா என்றதும் சீட்டுக்கட்டும் கையுமாக இருப்பவள் என்று தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் சீட்டாடி யாரும் பார்த்ததில்லை. விமானத்தின் சீட்டுகளுக்கு உறை தைப்பவள். விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் பெரிய கொட்டகைக்கு ஹேங்கர் என்று பெயர். அதன் ஓரத்தில், இரும்புப் படி ஏறிப் போனால், தையல் அறை. எளிதில் தீப்பிடிக்காத தடித்த துணியும், ஆள் உயரத்துக்கு அடுக்கிய பஞ்சு மெத்தைகளும், மாடு மாதிரி உறுமுகிற தையல் இயந்திரங்களும் உள்ள அறை. அங்கேயிருந்து ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் அவளுடைய குடும்பமே தெரியும். இறக்கையின் இந்தப் பக்கம் கணவர், அந்தப் பக்கம் அண்ணன்.

இருவரும் என்ஜின் மெக்கானிக்குகள். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஒரே ஆள் ஒரே விமானத்தின் இரண்டு என்ஜின்களிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது. மனிதன் தவறு செய்வான். ஒரு தவறு ஒரு என்ஜினோடு நிற்கட்டும், அதே கை அதே தவறை மற்றதிலும் செய்துவிட்டால் மேலே போனவர்களுக்கு மிச்சம் எதுவும் இருக்காது என்பதுதான் அதன் நியாயம். இந்த விதிப்படி கணவர் எப்போதும் இடது என்ஜின், அண்ணன் எப்போதும் வலது என்ஜின் என்று வழக்கமாகிப்போய், ஹேங்கரில் அவர்களுக்குப் பெயரே இடது, வலது என்று ஆகிவிட்டது. சம்பளம் கொடுக்கிறவருக்குக்கூட உண்மைப் பெயர் யோசித்தால்தான் வரும்.

வலதுதான் இடதுக்குத் தங்கையைப் பேசி முடித்தார். “உன் வேலையை நான் ஒருநாளும் எட்டிப் பாத்ததில்ல மாப்ள. பாக்கவேண்டிய அவசியமே வந்ததில்ல. அதான் பொண்ணு குடுக்கறேன்” என்றாராம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருந்தார். இரவுச் சாப்பாடு தங்கை வீட்டில்.

விதி மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதுதான் இந்தக் கதையின் வினை. முதலில் அது வெறும் கேலியாகத்தான் இருந்தது. சமையலறைக் கதவு கழன்றபோது மேல் கீலை ஒருவர், கீழ்க் கீலை ஒருவர் என்று பிரித்துக்கொண்டு மாட்டினார்கள். கதவு குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றது.

“ரெண்டு பேரும் ஒரு தடவ சேந்து பாத்திருக்கக் கூடாதா?” என்று சீட்டக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“என் பக்கம் சரியாத்தான் இருக்கு” என்றார் கணவர்.

“என் பக்கமும் சரி பாப்பா. கதவுதான் கோணல்” என்றார் அண்ணன்.

அண்ணனுக்கு என்ன பிடிக்கும் என்று கணவரைக் கேட்டால், “அது அவர் பக்கம், அவரையே கேளு” என்பார். கணவர் ஏன் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார் என்று அண்ணனைக் கேட்டாலும் அதே பதில்தான். இவர் சொன்னதை அவரிடமும், அவர் சொன்னதை இவரிடமும் கொண்டுபோகாத குடும்பம் என்று அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். சீட்டக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்த விமானம் ஒரு காலை நேரத்தில் ஹேங்கரை விட்டுப் போனது. சீட்டுறைகளில் பாதி அவள் தைத்தவை. புறப்படுவதற்கு முன் அதில் நடந்த சோதனை வழக்கமானதுதான். என்ஜின் எண்ணெயில் இரும்புத் துகள் சேர்கிறதா என்று பார்ப்பதற்காக, காந்தம் வைத்த சிறு முளை ஒன்று உள்ளே இருக்கும். அதைக் கழற்றித் துடைத்துப் பார்த்துவிட்டு, புது ரப்பர் வளையம் போட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். வளையம் இல்லாவிட்டால் எண்ணெய் கசியும். எண்ணெய் போனால் என்ஜின் நிற்கும். இடது இந்தப் பக்கம், வலது அந்தப் பக்கம். மேற்பார்வையாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அன்று இரவு மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது தொலைக்காட்சியில் செய்தி வந்தது. கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்த விமானம் ஒன்று, ஒரு என்ஜினை நிறுத்திவிட்டதாகவும் உயரத்தைக் குறைப்பதாகவும் சொல்லியிருக்கிறது. அதன் பிறகு பேச்சில்லை. விமானத்தின் எண்ணைச் சொன்னார்கள். கணவரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

அண்ணன்தான் பதறாமல் இருந்தார். “ஒரு என்ஜின் நின்னா பிளேன் விழாது பாப்பா. இறங்கும். விழறது வேற, இறங்கறது வேற.” சாப்பாட்டுத் தட்டையே விமானமாக வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் இழுவை நின்றதும் மூக்கு அந்தப் பக்கமாகத் திரும்பப் பார்க்கும்; விமானி எதிர்ப்பக்கத்துக் காலை அழுத்தி நேராகப் பிடிப்பார். ஒற்றை என்ஜினால் அவ்வளவு உயரத்தில் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் காற்று கனமாக இருக்கும் உயரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவார். அதற்கு முன்னால் வழியிலிருந்து விலகிக்கொள்வார், கீழே அதே வழியில் வருகிறவன் தலையில் இறங்கிவிடக் கூடாதே. “ரோட்டுல வண்டி மக்கர் பண்ணா ஓரம் கட்டறோம்ல, அந்த மாதிரி. ஒத்த என்ஜின்லயே போய்ச் சேர்ற தூரத்துல எப்பவும் ஒரு ஏர்போர்ட் இருக்கற மாதிரிதான் வழியே போடுவாங்க.”

“அப்ப ஏன் பேச மாட்டேங்கறாங்க?”

“கடல் நடுவுல ரேடியோ பேச்சும் சரியா எட்டாது, ரேடாருக்கும் கண்ணு எட்டாது. பூமி வளைஞ்சிருக்கில்ல, கரையில இருந்து பாக்கறவனுக்கு அந்த வளைவே மறைச்சிடும். பிளேன் கீழ வர வர இன்னும் மறைவு. எங்கயாச்சும் சின்ன தீவுல இறங்கியிருக்கும். காலையில சொல்வாங்க, பாரு.”

காலையில் யாரும் சொல்லவில்லை. அடுத்த காலையிலும் இல்லை. கப்பல்களும் விமானங்களும் கடலைச் சல்லடைபோட்டுத் தேடுவதாகச் சொன்னார்கள். தேடும் இடம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. தட்டை வைத்து விளக்கிய மனிதர் இரவுச் சாப்பாட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். கையெழுத்து, பாகம், கருவி எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள்மேல் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால், நிறுத்தப்பட்டது இடது என்ஜினா வலது என்ஜினா என்று விமானி சொல்லியிருக்கவில்லை. அவருக்கு அதைவிட முக்கியமான வேலை அப்போது இருந்திருக்கும். ஒன்று நின்றதால் மட்டும் விமானம் காணாமல் போகாது, வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று ஹேங்கரில் எல்லோருமே சொன்னார்கள். ஆனால் எல்லோருக்கும் முதலில் நின்றது எது என்றுதான் மனம் போயிற்று.

ஒருநாள் மத்தியானம் அண்ணன் இரும்புப் படி ஏறித் தையல் அறைக்கு வந்தார். அவர் அங்கே வந்ததே இல்லை. பஞ்சு மெத்தை அடுக்கின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“பாப்பா, அந்த வளையத்த நான் போட்டேனா?”

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். “போட்டிருப்பீங்கண்ணா. எப்பவும் போடறவர்தானே.”

“போட்டிருப்பேன். ஆனா போட்டது ஞாபகத்துல இல்ல. போன வருஷம் போட்டதும் அன்னைக்குப் போட்டதும் ஒன்னாத் தெரியுது. வீட்ட பூட்டிட்டுத் தெருமுனைக்கு வந்தப்புறம் பூட்டினோமான்னு வருமே, அந்த மாதிரி. திரும்பிப் போய் இழுத்துப் பாக்க முடியலயே.” ஜன்னலுக்குக் கீழே கையைக் காட்டினார். “நின்னது என் பக்கம்தான். எனக்குத் தோணுது. மாப்ளகிட்ட சொல்லிடாத. என் வேலைய அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்ல. அது மட்டும்தான் மிச்சம்.”

“சொல்ல மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமாண்ணா.”

அதே வாரம் ஒரு விடுமுறைக் காலையில், கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்துக்குக் கணவர் வந்து, அவள் கையிலிருந்த ஈரச் சட்டையை வாங்கி உதறத் தொடங்கினார். துணி உலர்த்த அவர் வந்தாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

“உங்க அண்ணன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறார், கவனிச்சியா?”

“அவருக்கு என்னவோ மனசு சரியில்ல.”

“மனசு சரியில்லாம இல்ல. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நின்னது என் பக்கம்னு.” உதறிய சட்டையையே திரும்பவும் உதறினார். “வளையம் எடுத்தது ஞாபகம் இருக்கு. முளையத் துடைச்சது ஞாபகம் இருக்கு. மாட்டினது இல்ல. நீ எதுவும் கேட்டு வைக்காத. அவர் வாயால ‘நீதான்’னு வந்துட்டா, அப்புறம் நான் அந்த ஹேங்கருக்குள்ள கால் வைக்க முடியாது.”

அவள் வாய் வரைக்கும் வந்தது. அட, அவரும் இதையேதான் சொன்னார் என்று ஒரே வரி. ஆனால் அண்ணனுக்குச் சத்தியம் செய்திருந்தாள். அதற்கும் மேலே, அந்த வீட்டின் பழக்கம் ஒன்று இருந்தது. அவர் பக்கம் அவருக்கு, இவர் பக்கம் இவருக்கு. ஒரு கை இரண்டு பக்கமும் படக் கூடாது. அது படாமல் இருப்பதால்தான் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று அத்தனை வருஷம் கேட்டு வளர்ந்த பழக்கம். “சரிங்க” என்று மட்டும் சொல்லி அடுத்த துணியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட விதத்தை அவள் எனக்கு நடித்துக் காட்டினாள். “டார்ச் இருக்கா மச்சான்?” “இந்தா மாப்ள.” அவ்வளவுதான் ஒரு நாளைய பேச்சு. சண்டை இல்லை, குரல் உயரவில்லை. தன் முகத்தில் குற்றம் தெரிந்துவிடும் என்று இவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காததைக் கண்டு, நம்மை வெறுக்கிறார் போல என்று அவர் ஒதுங்கினார். அவர் ஒதுங்கியதும் இவருக்குச் சந்தேகம் உறுதியானது. ஜன்னலில் நின்று பார்த்தவளுக்கு இரண்டு முகமும் தெரிந்தது.

சில மாதம் கழித்து, வெகுதூரத்தில் ஒரு கரையில் சீட்டு மெத்தை ஒன்று ஒதுங்கியது. இந்த விமானத்தினுடையதா என்று பார்க்க அதைக் கொண்டுவந்தார்கள். துணியின் நிறம் போயிருந்தது. தையல் அறையிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். சீட்டக்கா மூலையைத் திருப்பிப் பார்த்தாள். தையல் முடியும் இடத்தில் நூலை மடக்கி இரண்டு தரம் பின்னுக்கு ஓட்டுவது அவள் வழக்கம். அது அப்படியே இருந்தது, நூல்கூட அறுந்திருக்கவில்லை; உள்மடிப்பில் சீட்டின் எண்ணும் அழியாமல் இருந்தது. “என்னோடதுதான்” என்றாள். அந்தச் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்களோ என்று நினைத்தபோது, தான் பிடித்திருந்த மூலையை விட்டுவிட்டாள்.

வாசலில் அண்ணன் காத்திருந்தார். “எந்தப் பக்கத்து சீட்டு?” என்று கேட்டார்.

“இடது பக்கம்ணா, ஜன்னலோரம்.”

தலையை ஆட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தால், கதவைத் திறந்த கணவர் கேட்டதும் அதே கேள்வி. அதே குரல்.

மெத்தைக்கும் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அது இருவருக்கும் அவளைவிட நன்றாகத் தெரியும். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாள். வேறு எந்த நாளைவிடவும் அன்றைக்கு.

வலது வேறு நாட்டில் ஒரு ஹேங்கரில் வேலை தேடிக்கொண்டார். புறப்படும் நாளில் பெட்டியைக் கணவர்தான் தூக்கி வந்தார். விமான நிலைய வாசலில் மூவரும் நின்றார்கள். வழியனுப்ப வந்தவர்களின் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், இவர்களைத் தவிர.

“சீட்டு எந்தப் பக்கம் மச்சான்?” என்று கணவர் கேட்டார். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டது.

“நடுவுலதான் கிடைச்சுது மாப்ள.”

இருவரும் லேசாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். சீட்டக்கா தன் முந்தானையைச் சரிசெய்தாள். “உடம்பப் பாத்துக்கங்கண்ணா” என்றாள். அவர் உள்ளே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருமுறை திரும்பினார். கையைத் தூக்கினாரா, பையைத் தோளில் மாட்டினாரா என்று அவளுக்கு இப்போதும் தெரியவில்லை.

முதலில் அடிக்கடி கூப்பிட்டார். பிறகு எப்போதாவது. “மாப்ள எப்படி இருக்கார்?” என்று கேட்பார், போனைக் கொடுக்கவா என்றால், “வேண்டாம், வேலையா இருப்பார்” என்பார். அப்புறம் ஒருநாள் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அவர் வேலை பார்த்த இடத்தில் விசாரித்ததில், அவர் என்ஜின் பக்கம் போகாமல் சக்கரம் மாற்றும் பிரிவில் இருந்ததாகவும், அங்கிருந்தும் விலகிப் போய்விட்டதாகவும் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

விசாரணை முடிந்த செய்தி பத்திரிகையில் வந்தது. விமானம் கிடைக்கவில்லை, காரணம் கண்டறிய முடியவில்லை. கணவர் வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

“இனிமே எதுவும் தெரியாது. மச்சான் கடைசி வரைக்கும் நான்தான்னு நெனச்சுக்கிட்டே இருப்பார்.”

சீட்டக்கா அப்போதுதான் சொன்னாள். தையல் அறைக்கு வந்தது, பஞ்சு மெத்தையைப் பிடித்துக்கொண்டு நின்றது, பூட்டிய வீடு, சத்தியம், எல்லாவற்றையும். சொல்லி முடிக்க ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை என்கிறாள். அதைத்தான் வருஷக்கணக்காக வைத்திருந்திருக்கிறாள்.

கணவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை.

“மச்சானா? அவர் கையா?” என்று கேட்டார். நம்பாதவர் மாதிரி தலையை ஆட்டினார். “அவர் வளையம் போட மறந்தார்னு யாராச்சும் சொல்லியிருந்தா, சொன்னவனோட பல்ல உடைச்சிருப்பேன். ஏன் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?”

“நீங்க கேட்டீங்களா?”

அவர் எழுந்து போய்ச் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமாகியும் அது சாய்ந்தேதான் இருந்தது. மேல் கீலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குனிந்து கீழ்க் கீலையும் தொட்டுப் பார்த்தார். அது அண்ணன் மாட்டியது.

“இது சரியாத்தான் இருக்கு” என்றார். “என்னோடதுதான் கோணல். அப்பவே தெரியும் எனக்கு.”

அதற்குப் பிறகு அவர் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் செய்தார். எந்தெந்த ஊரில் ஹேங்கர் இருக்கிறதோ அங்கெல்லாம் கேட்டுப் பார்த்தார். கடலில் தேடியவர்களாவது எந்தக் கடல் என்று தெரிந்து தேடினார்கள்.

சீட்டக்கா கதை சொல்லி முடித்தபோது, “எனக்கு ரெண்டு காதும் இருந்துச்சு, ரெண்டு பேரும் சொன்னாங்க. வாய் ஒன்னு இருந்துச்சு, அதத்தான் திறக்கல” என்றாள். அவள் முதலில் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. அதை இனி யாரிடமும் கேட்கப் போவதில்லை என்று அவளும் சொல்கிறாள். அவளுக்குத் தெரியவேண்டியது அண்ணன் எங்கே இருக்கிறார் என்பதுதான்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். இதை இன்னொருவருக்குச் சொல்லுங்கள். விமான நிலையத்திலோ பட்டறையிலோ வேலை செய்கிறவர் யாராவது தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். உயரமான மனிதர், பேச்சு குறைவு, எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் வலது ஓரத்தில்தான் உட்காருவார். எதையாவது விளக்க வேண்டுமென்றால் சாப்பாட்டுத் தட்டை விமானமாக்கிக் காட்டுவார். “வலது” என்று கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பிப் பார்த்தால், உங்கள் மாப்பிள்ளையும் நின்றது தன் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார், உங்களை அவர் ஒருநாளும் சந்தேகப்படவில்லை, கதவு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது, இந்த முறை சேர்ந்து பார்க்கலாம் என்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.